உடையாத பீங்கான் உண்டா?

பீங்கான் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, மின்கம்பத்தின் உச்சியில் தெரியும் வெள்ளைக் குமிழ் ஆகியவையே. அவற்றோடு, “பார்த்து எடு, கை தவறினால் போயிற்று” என்னும் வீட்டுப் பெரியவர்களின் எச்சரிக்கையும் நினைவுக்கு வரும். பீங்கான் நெருப்பைத் தாங்கும், துருப்பிடிக்காது, புளியும் உப்பும் அதை அரிப்பதில்லை. ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். அதன் பெருமையும் சிறுமையும் இவ்வளவுதான்.

இப்பீங்கான் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளைக் கொண்டு இன்று கத்தியும் கத்தரிக்கோலும் செய்கிறார்கள். பல் மருத்துவர்கள் அதனால் பல்லுக்கு உறை செய்து மாட்டுகிறார்கள். விமான எஞ்சினின் உள்ளே அதைப் பூசுகிறார்கள். தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்கு மாற்றாக அதில் பந்து செய்து மனித உடலுக்குள்ளேயே பொருத்தினார்கள். அப்பொருளின் பெயர் நிலைப்படுத்தப்பட்ட சிர்க்கோனியா. உடையாத பீங்கான் என்று அதைப் புகழ்வோரும் உண்டு. அப்புகழ்ச்சியில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு? ‘நிலைப்படுத்தப்பட்ட’ என்ற அடைமொழியின் பொருள் என்ன? அந்த நிலைபேறு எதுவரை செல்லும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மணலில் கிடைக்கும் செல்வம்

சிர்க்கோனியம் என்பது ஓர் உலோகம். அதன் ஓர் அணுவும் ஆக்சிஜனின் இரண்டு அணுக்களும் சேர்ந்தது சிர்க்கோனியா. பார்வைக்கு அது சுண்ணாம்புப் பொடி போன்ற வெண்பொடிதான்.

இத்தனிமத்தின் வரலாறு நமக்கு அண்டை நாடான இலங்கையோடு தொடர்புடையது. அந்நாட்டு ஆறுகளின் மணலில் சிர்கான் என்னும் கல் கிடைக்கிறது. அதில் நிறமற்ற வகையை ‘மாத்தறை வைரம்’ என்று அழைத்து நகைகளில் பதித்தனர். 1789ஆம் ஆண்டு பெர்லின் நகர வேதியியல் அறிஞர் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து வந்த சிர்கான் கல்லை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். உலோகத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், ஆண்டு 1824. பின்னர் 1892இல் இலங்கையின் இறக்குவானைப் பகுதியிலிருந்து ஜோசப் பாட்லி என்பவர் அனுப்பிய கற்களுள், இயற்கையில் சிர்க்கோனியாவாகவே விளைந்த கனிமம் ஒன்று காணப்பட்டது. அவர் பெயராலேயே அது பாட்லியைட் எனப்படுகிறது.

நம் கடற்கரைக்கும் இச்செல்வத்தில் பங்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவரையிலும் கடற்கரை மணல் கருமையாகத் தெரியும். அம்மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட், கார்னெட் ஆகியவற்றோடு சிர்கானும் கலந்திருக்கிறது. அதனைப் பிரித்தெடுக்கும் ஆலை மணவாளக்குறிச்சியில் இயங்குகிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள பழையகாயலில், சிர்க்கோனியம் ஆக்சைடும் அணு உலைகளுக்கு வேண்டிய சிர்க்கோனிய உலோகமும் தயாரிக்கும் தொழிற்சாலை 2009இல் தொடங்கப்பட்டது.

ஒரு பொருள், மூன்று உருவங்கள்

சிர்க்கோனியாவின் உருகுநிலை ஏறத்தாழ 2,700 டிகிரி சென்டிகிரேடு. இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியானால் இரும்பை உருக்கும் கொப்பரைகளைச் சிர்க்கோனியாவில் செய்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். அறிஞர்களுக்கும் தோன்றியது. ஆனால் தூய சிர்க்கோனியாவை நன்றாகச் சுட்டு, ஆறவைத்து, சூளையைத் திறந்து பார்த்தால் பாத்திரம் இருக்காது. விரிசல் விட்ட துண்டுகளே இருக்கும்!

காரணம் இதுதான். கரியானது வைரமாகவும் பென்சில் கரியாகவும் இருப்பது போல, சிர்க்கோனியாவுக்கும் படிக உருவங்கள் பல. சாதாரணச் சூட்டில் அதன் அணுக்கள் ஒருபுறம் சாய்ந்த பெட்டி போல அடுக்கப்பட்டிருக்கும். இதனை ஒற்றைச் சரிவு உருவம் என்பர். 1,170 டிகிரி அளவில் சூடேறியதும் அவை நிமிர்ந்து, நெட்டையான பெட்டி போன்ற நாற்கோணக உருவம் கொள்ளும். 2,370 டிகிரிக்கு மேல் எல்லாப் பக்கமும் சமமான கனசதுர உருவம் வரும். ஆறும்போது இதே மாற்றங்கள் தலைகீழாக நிகழும்.

உருவம் மாறுவதில் தவறில்லை. பருமன் மாறுவதில்தான் தொல்லை. நாற்கோணக உருவிலிருந்து ஒற்றைச் சரிவு உருவுக்கு மாறும்போது சிர்க்கோனியா நூற்றுக்கு நான்கைந்து பங்கு விரிவடைகிறது. கண்ணாடிப் புட்டி நிறைய நீர் ஊற்றி மூடி, குளிர்பதனப் பெட்டியின் பனியறையில் வைத்தால் என்ன ஆகும்? நீர் பனிக்கட்டியாகும்போது விரிந்து புட்டியை உடைத்துவிடும். இங்கோ பாத்திரமே விரிகிறது. அதுவும் ஓரிடம் முந்தியும் ஓரிடம் பிந்தியும் விரிவதால், பாத்திரம் தன்னைத் தானே கிழித்துக்கொள்கிறது. உலகிலேயே அதிகச் சூட்டைத் தாங்கும் பொருள்களுள் ஒன்று, சூளையிலிருந்து வெளியே வரும் வழியிலேயே அழிந்துபோனது.

குறைக்கு மருந்து

இதற்கு ஒரு மருந்து கண்டார்கள். அது விலையுயர்ந்ததோ அரியதோ அன்று. சுட்ட சுண்ணாம்பாகிய கால்சியம் ஆக்சைடே போதும்! சிர்க்கோனியாவோடு சுண்ணாம்போ மக்னீசியாவோ சிறிதளவு கலந்து சுட்டால், கனசதுர உருவம் குளிர்ந்த பிறகும் மாறாமல் நிற்கிறது. ஜெர்மனியில் ரூஃப், எபர்ட் என்ற இருவர் 1929இல் இதனை வெளியிட்டனர். இன்று பெரிதும் பயன்படுவது இட்ரியம் என்னும் தனிமத்தின் ஆக்சைடாகிய இட்ரியா.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? கனசதுர உருவத்தில் ஒவ்வொரு சிர்க்கோனிய அயனியையும் சுற்றி எட்டு ஆக்சிஜன் அயனிகள் நிற்க வேண்டும். சிர்க்கோனிய அயனியோ சிறியது. ஒரு சிறு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்தது போன்ற நிலை அது. மிகுந்த சூட்டில் எப்படியோ சமாளிக்கும். ஆறியதும் ஒருவரை விலக்கி, ஏழு பேரோடு வசதியாக இருக்கவே பார்க்கும். அவ்வாறு விலகி அமைவதே ஒற்றைச் சரிவு உருவம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சிர்க்கோனிய அயனி நான்கு நேர்மின் அலகுகள் கொண்டது; இரண்டு ஆக்சிஜனோடு ஈடாகும். கால்சிய அயனிக்கு இரண்டு அலகுகளே உண்டு. ஒரே ஆக்சிஜன் போதும். ஆகவே ஒரு சிர்க்கோனியத்தின் இடத்தில் ஒரு கால்சியம் வந்து அமர்ந்தால், ஓர் ஆக்சிஜனின் இருக்கை காலியாகிவிடுகிறது. இட்ரியம் மூன்று அலகுகள் கொண்டது. ஆதலால் இரண்டு இட்ரியத்துக்கு ஓர் இருக்கை காலி. இப்படி ஆங்காங்கே காலியிடம் ஏற்படுவதால் நெருக்கடி தணிகிறது. படிகம் சாய வேண்டிய தேவையின்றிக் கனசதுரமாகவே நிற்கிறது. இட்ரியாவாயின் நூறு மூலக்கூறுகளில் எட்டு அளவில் இருந்தால் முழு நிலைபேறு கிடைக்கும்.

நிலைப்படுத்தப்பட்ட சிர்க்கோனியா என்பது இதுதான். இந்தக் காலி இருக்கைகளை மறந்துவிடாதீர்கள். அவை பின்னர் இன்னொரு வேலைக்கும் வரும்.

குறையே குணமானது

முழுவதும் நிலைப்படுத்திய சிர்க்கோனியா சூளையில் உடைவதில்லை. ஆனாலும் அது மற்றப் பீங்கான்களைப் போன்றதே, தட்டினால் உடையும். அதனினும் வியப்பு, மருந்தைக் குறைத்துக் கொடுத்தபோது விளைந்த பலன்.

1975ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்னும் மூவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். “பீங்கான் எஃகா?” என்று கேள்விக்குறியோடு அதற்குத் தலைப்பிட்டிருந்தனர். முழு நிலைபேற்றுக்குப் போதாத அளவே மருந்து சேர்த்து, படிகத் துகள்களை மிக நுண்ணியவையாக வைத்தால், நாற்கோணக உருவம் சாதாரணச் சூட்டிலும் மாறாமல் அடங்கியிருக்கும் என்றும், அப்படிப்பட்ட சிர்க்கோனியா விரிசலை எதிர்த்து நிற்கும் என்றும் அவர்கள் காட்டினர்.

விரிசலை ஒரு பீங்கான் எதிர்ப்பதெப்படி? திருவிழாக் கூட்டத்தில் நெருக்குண்டு நிற்கும் ஒருவர் கையை விரிக்க நினைத்தாலும் முடியாது. சுற்றியுள்ளோர் அழுத்திக்கொண்டிருக்கின்றனர். பக்கத்தில் சிறிது இடம் கிடைத்தவுடன் அவர் கை தானாக விரியும். நாற்கோணகத் துகளின் நிலையும் அதுவே. ஒற்றைச் சரிவு உருவுக்கு மாறி விரிய அதற்கு விருப்பம். ஆனால் சுற்றிலும் உள்ள துகள்கள் விடுவதில்லை. எங்கேனும் ஒரு விரிசல் தோன்றி முன்னேறுமானால், அதன் முனையில் பொருள் இழுபட்டு இடம் உண்டாகிறது. உடனே அங்குள்ள துகள்கள் உருவம் மாறி விரிகின்றன; விரிந்து, விரிசலின் வாயை இருபுறமும் அழுத்தி மூடுகின்றன. முன்பு பாத்திரத்தை உடைத்த அதே விரிவு, இப்போது உடைவதைத் தடுக்கும் காவலாயிற்று!

இதன் பயனாகக் கிடைத்த வலிமையை எண்ணால் சொல்லலாம். நூற்றுக்கு மூன்று மூலக்கூறு அளவில் இட்ரியா கலந்த நுண்துகள் சிர்க்கோனியாவை வளைத்து முறிக்க, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 நியூட்டன், அதாவது நூறு கிலோ எடை அளவுக்கு இழுவிசை வேண்டும். அலுமினாப் பீங்கானுக்கு இதில் பாதிக்கும் குறைவே போதுமானது. விரிசல் பரவாமல் தடுக்கும் திறனில் அது சன்னல் கண்ணாடியைவிடப் பன்மடங்கு மேல்; அலுமினாவைவிடவும் மேல். ஆனால் எஃகுக்கு வெகு கீழே. தலைப்பில் அம்மூவரும் கேள்விக்குறி இட்டது பொருத்தமே.

ஜப்பானில் 1980களில் விற்பனைக்கு வந்த பீங்கான் கத்தி இந்த வகையைச் சேர்ந்தது. அதன் கூர் நெடுநாள் மழுங்காது. எலுமிச்சம்பழம் நறுக்கினாலும் துருவும் கறையும் ஏறாது.

வெப்பம், மின்சாரம், ஒளி

வலிமை ஒருபுறம் இருக்க, சிர்க்கோனியாவின் வேறு மூன்று பண்புகளும் அறியத்தக்கவை.

முதலாவது, வெப்பத்தைக் கடத்தாமை. அலுமினா கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட இது கடத்துவதில்லை. சூடேறும்போது விரிவதிலோ உலோகங்களுக்கு நெருங்கி வருகிறது; அதனால் உலோகத்தின்மேல் பூசினால் எளிதில் உரிந்துவிடாது. இவ்விரு பண்புகளும் சேர்ந்திருப்பதால் விமான எஞ்சினின் சுழல் இறகுகள்மேல் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் பங்கு கனத்துக்கு இதனைப் பூசுகிறார்கள். அந்த மெல்லிய போர்வை, உள்ளிருக்கும் உலோகத்தின் சூட்டை நூறு டிகிரியோ அதற்கு மேலோ குறைத்துவிடுகிறது.

இரண்டாவது பண்பு மின்சாரம் பற்றியது. மேலே கூறிய காலி இருக்கைகள் இங்கே உதவுகின்றன. நன்கு சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் ஓர் இருக்கையிலிருந்து பக்கத்துக் காலி இருக்கைக்குத் தாவித் தாவிச் செல்கின்றன. கம்பியில் எலெக்ட்ரான் ஓடுவது போல இங்கே ஆக்சிஜனே ஓடுகிறது. இவ்விளக்கத்தை வாக்னர் என்ற அறிஞர் 1943இல் தந்தார். ஆனால் பயனோ அதற்கு முன்பே வந்துவிட்டது. 1897இல் ஜெர்மனியின் நெர்ன்ஸ்ட், நூற்றுக்குப் பதினைந்து பங்கு இட்ரியா கலந்த சிர்க்கோனியாக் கோலில் மின்சாரம் பாய்ச்சி விளக்கு அமைத்தார். காற்றில்லாக் குமிழ் தேவையின்றித் திறந்த வெளியிலேயே அது ஒளிர்ந்தது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது மின்சாரம் பாயாதாகையால் முதலில் அதைச் சூடேற்ற வேண்டியிருந்தது. டங்ஸ்டன் இழை விளக்கு வந்ததும் அது மறைந்தது.

விளக்கு மறைந்தாலும் தத்துவம் மறையவில்லை. சிர்க்கோனியாச் சுவரின் இருபுறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால், அவ்வேறுபாட்டுக்கு ஏற்ற மின்னழுத்தம் பிறக்கிறது. 1976 முதல் மோட்டார் கார்களின் புகைபோக்கியில் பொருத்தப்பட்டு வரும் ஆக்சிஜன் உணர்கருவி இவ்வகையைச் சேர்ந்தது. எரிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு எஞ்சியது என்று அறிந்து, பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்க அது வழி செய்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் புதிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இன்று அது உண்டு. உருகிய எஃகில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் இவ்வாறே அளக்கின்றனர்.

இதே தத்துவத்தைத் திருப்பி, மின்சாரம் செலுத்தி ஆக்சிஜனை இழுக்கவும் முடியும். 2021ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்க விண்கலத்தில் ‘மாக்ஸி’ என்ற சிறு கருவி இருந்தது. ஸ்காண்டியா என்னும் ஆக்சைடால் நிலைப்படுத்திய சிர்க்கோனியாத் தகடுகளை ஏறத்தாழ 800 டிகிரிக்குச் சூடாக்கி, செவ்வாயின் கரியமிலவாயுவிலிருந்து அது ஆக்சிஜனைப் பிரித்தது. 2023இல் பணி முடியும்போது பதினாறு முறை இயங்கி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தந்திருந்தது. அளவு சிறிதாயினும், வேறொரு கோளின் காற்றிலிருந்து மனிதர் ஆக்சிஜன் எடுத்தது அதுவே முதல் முறை.

மூன்றாவது பண்பு ஒளி. மருந்தை நிறையச் சேர்த்து, உருக்கி, ஒரே பெரும் படிகமாக வளர்த்தால் அது வைரம் போல மின்னும். மாஸ்கோவிலுள்ள லெபெதெவ் இயற்பியல் நிறுவனத்தார் 1970களில் இம்முறையை வளர்த்து, தம் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு ‘ஃபியானைட்’ என்று பெயரிட்டனர். நம் நகைக்கடைகளிலோ அதற்கு ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று பெயர்! வண்ண ஒளிகளைப் பிரித்து வீசுவதில் வைரத்தையும் இது மிஞ்சும். ஆனால் ஒரே பருமனுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும், கடினத்தில் குறைந்தது. வைரம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும், இது கடத்தாது. நகை மதிப்பிடுவோர் சிறு கருவியால் இவ்வேறுபாட்டை நொடியில் கண்டுவிடுவர்.

எல்லைகள்

இதுவரை பண்புகளைக் கண்டோம். இனி அவற்றின் எல்லைகளைக் காண்போம். எல்லைகளை அறியாமல் பண்புகளை மட்டும் படிப்பது பாதிப் படிப்பே.

முதல் எல்லை, எல்லா நன்மைகளும் ஒரே சிர்க்கோனியாவில் கிடையா என்பது. மருந்து குறைவாயின் உறுதி உண்டு. ஆனால் ஆக்சிஜனைக் கடத்தும் திறன் குறைவு, ஒளி ஊடுருவலும் குறைவு. மருந்து மிகுதியாயின் கடத்தும் திறனும் ஒளியும் உண்டு. உறுதி போய்விடும், ஏனெனில் விரிந்து காக்கும் துகள்கள் அங்கில்லை. பல் மருத்துவத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். கடைவாய்ப் பல்லுக்கு இட்ரியா குறைந்த, உறுதியான, சற்றே சுண்ணாம்பு வெண்மை கொண்ட வகை ஏற்றது. முன்பல்லுக்கு இட்ரியா கூடிய, இயற்கைப் பல் போல ஒளி ஊடுருவும் வகையை விரும்புவர். ஆனால் அது வலிமையில் குறைந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே வேதியியலாகவே நிற்கிறது.

இரண்டாவது, சூட்டின் எல்லை. உருகுநிலை 2,700 டிகிரியாயினும் உறுதி அதுவரை நீடிப்பதில்லை. பல நூறு டிகிரிச் சூட்டில் நாற்கோணக உருவமே வசதியாகிவிடுவதால் துகள்களுக்கு மாறும் விருப்பம் குறைகிறது, காவலும் குறைகிறது. அதாவது, உறுதியான சிர்க்கோனியா பெருஞ்சூட்டில் உறுதியாயிராது. விமான எஞ்சினின் பூச்சும் ஏறத்தாழ 1,200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் நிலைகுலைகிறது. எரிமலைச் சாம்பலோ பாலைவனத் தூசியோ உள்ளே புகுந்து உருகி அதன் நுண்துளைகளில் இறங்கி உறைந்தால், பூச்சு உரிந்துபோகும்.

மூன்றாவது, திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும். வெப்பம் விரைவாகப் பரவாததால் ஒருபுறம் கொதிக்க மறுபுறம் குளிர்ந்திருக்கும். சூடான பக்கம் விரிய, மற்றப் பக்கம் விரியாது நிற்க, நடுவே பிளவு உண்டாகும். வெப்பத்தைத் தடுக்கும் குணமே இங்கே பகையாகிறது. முழுவதும் நிலைப்படுத்தியதைவிடப் பாதி நிலைப்படுத்தியது இதை ஓரளவு நன்றாகத் தாங்கும்.

நான்காவது, உருவாக்கும் தொல்லை. ஏறத்தாழ 1,400 முதல் 1,500 டிகிரி வரை சுட வேண்டும். சுடும்போது ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்; ஆகவே முதலிலேயே பெரிதாகச் செய்ய வேண்டும். சுட்டபின் திருத்த வேண்டுமானால் வைரப்பொடி பதித்த கருவிதான் வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்துளை தங்கிவிட்டால், அந்தத் துண்டின் வலிமை அத்துளையைப் பொறுத்ததாகிவிடும். எஃகு உடையுமுன் வளைந்து நமக்கு அறிவிக்கும். பீங்கான் முன்னறிவிப்பின்றி உடையும்.

ஐந்தாவது எல்லையே யாரும் எதிர்பாராதது. அது ஈரம்.

ஈரத்தால் வந்த முதுமை

1981ஆம் ஆண்டு ஜப்பானில் கொபயாஷியும் அவருடன் பணிபுரிந்தோரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். இட்ரியாவால் பாதி நிலைப்படுத்திய சிர்க்கோனியாவை ஈரமான சூழலில் 200, 300 டிகிரி என்ற மிதமான சூட்டில் வைத்திருந்தால் அதன் வலிமை நாளடைவில் குறைகிறது என்பதே அது. ஆயிரம் டிகிரியைத் தாங்கும் பொருள் கொதிநீரின் சூட்டைச் சற்றே கடந்த நிலையில் கெடுகிறது!

நீரின் கூறுகள் மேற்பரப்பில் உள்ள காலி இருக்கைகள் வழியே படிகத்துள் நுழைகின்றன. அங்குள்ள துகள் நிலைபேறு இழந்து ஒற்றைச் சரிவு உருவுக்கு மாறி விரிகிறது. அதனால் பக்கத்தில் நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. வெடிப்பின் வழியே ஈரம் அடுத்த துகளை அடைகிறது. சுவரில் ஈரம் ஏறுவது போல மாற்றம் உள்ளே உள்ளே செல்கிறது. இதனைப் பொருளின் முதுமை என்றே அறிஞர் அழைக்கின்றனர். உடலின் வெப்பநிலையில் இது மிக மெதுவாக நடக்கும். ஆயினும் நடக்கும். 134 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வைப்பது உடலினுள் மூன்று நான்கு ஆண்டுகள் இருப்பதற்கு ஒப்பாகும் என்று ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டனர்.

1980களின் நடுவிலிருந்து சிர்க்கோனியாப் பந்துகள் இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சையில் பயன்பட்டு வந்தன. உலகெங்கும் பல இலட்சம் பேருக்குப் பொருத்தப்பட்டன; மிகப் பெரும்பாலோருக்கு நன்றாகவே உழைத்தன. நீராவியில் மீண்டும் தூய்மை செய்தால் அப்பந்துகள் கெடுகின்றன என்று 1997இல் அமெரிக்காவில் அதிகாரிகள் எச்சரித்தனர். மருத்துவமனைக் கருவிகளை நீராவியில் தூய்மை செய்வது அன்றாட வழக்கம். அந்த வழக்கமே இதற்கு ஆகாததாயிற்று.

அதற்குப்பின் 2001ஆம் ஆண்டில் பெருந்துன்பம் நேர்ந்தது. பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்று செய்த பந்துகளில் ஏறத்தாழ நானூறு, குறுகிய காலத்துக்குள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்தன. ஆராய்ந்தபோது கலவையில் குற்றம் காணவில்லை. 1998இல் அந்நிறுவனம் சூளையை மாற்றியிருந்தது. முன்பு ஒரு தொகுதி சுட்டு ஆறிய பின் அடுத்த தொகுதி என்றிருந்ததை, வரிசையாக நகர்ந்துகொண்டே சுடும் தொடர்ச்சூளையாக்கியிருந்தது. அதனால் சில தொகுதிகளில் பந்தின் உட்பகுதி வேண்டிய அளவு இறுகவில்லை. சுட்டபின் நடுவில் துளையிட்டபோது அந்த உட்பகுதி வெளிப்பட்டு ஈரத்துக்கு வழியாயிற்று. நிறுவனம் பந்துகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் பயனும் பெரிதும் நின்றுபோயிற்று.

உடைந்த ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். வலி நீங்கி மறுபடியும் நடக்கத் தொடங்கியவர், மீண்டும் அறுவைச் சிகிச்சைக்குப் படுக்க வேண்டியதாயிற்று. சூளையில் சூடு ஏறி இறங்கும் முறையில் செய்த ஒரு மாற்றம், எங்கோ ஒரு வீட்டில் ஒருவருடைய நடையைப் பறித்தது. ஆய்வுக்கூடத்தில் நாம் சிறு பிழை என்று எண்ணுவது, பயன்படுத்துபவருக்குச் சிறிதாயிராது.

ஆனால் அறிஞர்கள் இப்பொருளைக் கைவிடவில்லை. அலுமினாவை முதன்மையாக வைத்து, அதனுள் சிறு அளவு சிர்க்கோனியாத் துகள்களைத் தூவினார்கள். கெட்டியான அலுமினா, துகள்கள் தாமாக மாறாமல் அழுத்திப் பிடிக்கிறது. ஈரம் துகளிலிருந்து துகளுக்குத் தாவுவதையும் தடுக்கிறது. விரிசல் வந்தால் துகள்கள் விரிந்து காக்கின்றன. இன்று இடுப்பு மூட்டுக்குப் பொருத்தப்படும் பீங்கான் பந்துகளில் பெரும்பாலானவை இக்கலவையால் ஆனவை.

நாம் அறிந்துகொள்ள வேண்டியது

உடையாத பீங்கான் உண்டா? இல்லை என்பதே விடை. உடைவதை முன்னைவிட நன்றாக எதிர்க்கும் பீங்கான் உண்டு. அந்த எதிர்ப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. நிலைப்படுத்தப்பட்டது என்றால் என்றென்றும் மாறாதது என்று பொருளன்று. மாற விரும்பும் ஒன்றை, குறிப்பிட்ட சூட்டிலும் சூழலிலும், மாறாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதே பொருள்.

இதை அறிந்தால் அன்றாட வாழ்விலும் பயன் உண்டு. வீட்டில் பீங்கான் கத்தி இருந்தால் காய், பழம் நறுக்குவதோடு நிறுத்துங்கள், எலும்பையோ உறைந்த இறைச்சியையோ வெட்டாதீர்கள், நெம்பாதீர்கள், சாதாரணச் சாணைக் கல்லில் தீட்டாதீர்கள். பல்லுக்கு உறை போடும்போது எந்தப் பல்லுக்கு எந்த வகை என்று மருத்துவரைக் கேளுங்கள். நகைக்கடையில் மின்னும் கல்லின் பெயரைக் கேட்டு மயங்காமல் அது என்ன பொருள் என்று கேளுங்கள்.

மாணவியரே, உங்களுள் சிலர் நாளை பொறியியலோ மருத்துவமோ பொருளறிவியலோ பயிலக்கூடும். புதிய பொருள் ஒன்றைப் புகழ்ந்து யார் எது சொன்னாலும், அதன் வலிமை எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில், எவ்வளவு காலம் வரை என்றும் கேளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே அப்பொருளை நம்பி ஒரு மனிதரின் உடலில் வைக்கலாம்.